அந்த மருந்துக்கு எந்தத் தோட்டா?

"போட மாட்டேன். இன்னொரு தடவை கேட்டா, கையில இருக்கற காப்பிக் கோப்பையைப் பிடுங்கிக்கிட்டு வெளிய அனுப்பிடுவேன்."

வெர்னா ஸ்ட்ராண்ட் இதைக் கத்திச் சொல்லவில்லை. தன் கராஜின் மூலையில், தோட்டா நிரப்பும் மேஜைக்கு முன்னால், கம்பளிச் சட்டையின் கைகளை மடித்து விட்டுக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள். ஐம்பதைக் கடந்தவள். விரல் நுனிகளில் பித்தளைக் கறை. மேஜையின் ஓரத்தில் கிளப் அனுப்பிய தாள் கிடந்தது. அதன் மேல் அவள் ஒரு ஸ்பானரைத் தூக்கி வைத்திருந்தாள், ஏதோ அது தானாக எழுந்து வந்து கையெழுத்துக் கேட்டுவிடும் என்பதுபோல.

ஹால்வர் லிண்ட் பதில் சொல்லவில்லை. ஆட்களைப் பேச விட்டு உண்மையைக் கறக்கும் துப்பறிவாளர்கள் உண்டு. அவர் தான் பேசாமல் இருந்தே கறந்துவிடுவார். அவருடைய மௌனத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சற்று நேரத்தில் எதையாவது சொல்லி அதை நிரப்பத் தோன்றும்.

"அவர் கேக்கல மேடம், நான்தான் கேட்டேன்" என்றாள் அவருடைய உதவியாளர் ரோமி பெலாஞ்சர். "அவர் காலையிலேர்ந்து பேசினதே ஒரு குட் மார்னிங்தான். அதுவும் உங்க நாய்கிட்ட."

விஷயம் இதுதான். போன சனிக்கிழமை வில்லோ கேப் துப்பாக்கி கிளப்பின் போட்டியில், தலைவர் வேட் மக்ரோரியின் ரிவால்வர் அவர் கையிலேயே வெடித்தது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் போய்விட்டன. தன் தோட்டாக்கள் தீர்ந்ததும் பெஞ்சில் கிடந்த ஒரு பெட்டியிலிருந்து அவர் கைநிறைய அள்ளிப் போட்டிருக்கிறார். யாருடைய பெட்டி என்று பார்க்கவில்லையாம். பார்த்தவர் ஒருவர் இருந்தார், கிளப் செயலாளர் லைல் பிரெக்கே. அது வெர்னாவின் பெட்டி என்றார் அவர். திறந்து பார்த்தால், எல்லாத் தோட்டாக்களின் அடியிலும் சிவப்பு.

அந்தச் சிவப்பு வெர்னாவின் அடையாளம். சுட்ட காலிக் கூடுகளில் வெடிமருந்து போட்டு வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்கள் ஒவ்வொருவரும், ஊசி குத்தியதும் பொறி தரும் அடிப்பக்கத்து ப்ரைமர் மேல் ஒரு துளி நகப்பூச்சு வைத்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு நிறம். ஏனென்றால் மற்றவன் நிரப்பிய தோட்டாவைச் சுடக் கூடாது என்பது அந்த மக்கள் பிரார்த்தனைக்கு அடுத்தபடியாகக் கடைப்பிடிக்கும் விதி.

"மொன்டானாவிலேயே நகப்பூச்சு அதிகமா வாங்கறது தாடி வெச்ச ஆம்பளைங்கதான்" என்பாள் ரோமி.

ஸ்பானருக்கு அடியில் இருந்த தாள் சொன்னது: 'நான் கவனக்குறைவாக ஒரே தோட்டாக் கூட்டில் இருமுறை வெடிமருந்து கொட்டிவிட்டேன்.' இன்று மூன்று மணிக் கூட்டத்தில் இதில் கையெழுத்துப் போட்டு, சுடும் மைதானத்தின் சாவியையும் கொடுத்துவிட்டால், பிரச்சினை இன்சூரன்ஸோடு முடிந்துவிடும். போடாவிட்டால் கிளப் அரசு வழக்கறிஞரிடம் போகும். வெர்னாவுக்கு அபராதம் வரலாம், சிறையும் வரலாம். அவள் பயந்தது அதற்கல்ல. அந்த ஊரில் துப்பாக்கியைத் தொட நடுங்கிய பெண்களுக்கு வாரா வாரம் சுடச் சொல்லிக் கொடுத்தவள் அவள். கையெழுத்துப் போட்டுவிட்டால், இனி எந்தப் பெண்ணும் அவள் நீட்டும் துப்பாக்கியை வாங்க மாட்டாள்.

"தப்பு செஞ்சிருந்தா நானே போய் வேட் கால்ல விழுந்திருப்பேன்" என்றாள் வெர்னா. "செய்யல. இங்க வாங்க. பாருங்க."

அவள் ஒரு காலிக் கூட்டை எடுத்தாள். மேஜையில் இருந்தது ஒரே ஒரு டப்பா. அதில் 'மெடோலார்க்' என்று எழுதியிருந்தது. மேஜை மேல் ஒரு சமயத்தில் ஒரு மருந்துதான் இருக்க வேண்டும் என்பது அவள் வழக்கம். டப்பாவிலிருந்து மருந்தை அளந்து விடும் குடுவைக்குக் கொட்டி, அதன் நெம்புகோலை ஒருமுறை இழுத்தாள். மருந்து சாம்பல் நிறச் செதில்களாக இறங்கி, கூட்டின் பாதிக்கு மேல் நிறைத்தது.

"இது ஒரு அளவு. இப்ப ரெண்டாவது."

இழுத்தாள். மருந்து கூட்டின் வாயைத் தாண்டி வழிந்து மேஜையெல்லாம் சிதறியது.

"ரெண்டு தடவை கொட்டினேனாம்! கண்ணு தெரியாதவளுக்குக்கூட முழங்கை வரைக்கும் மருந்து ஒட்டியிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் இந்த மருந்தையே வாங்கறேன்."

ஹால்வர் தன் கோட்டுப் பையிலிருந்து இரண்டு பொருட்களை எடுத்து வைத்தார். இரண்டும் ஷெரீஃப் அலுவலகத்தின் டெபுடி ஒய்லர் கொடுத்தவை. ஒன்று, வெடித்த கூட்டின் அடிப்பக்கத்தை அருகில் வைத்து எடுத்த படம். நசுங்கிய பித்தளை வட்டம், நடுவில் ப்ரைமர், ப்ரைமரின் மேல் ரிவால்வரின் ஊசி குத்திய சிறு குழி, குழியின் அடிவரைக்கும் சிவப்பு.

"அழகா பளபளன்னு இருக்கு, செர்ரிப்பழம் மாதிரி" என்றாள் ரோமி.

ஹால்வர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

மற்றது ஒரு மாத்திரைக் குப்பி. அந்தப் பெட்டியில் மிஞ்சிய தோட்டாக்களில் ஒன்றைப் பிரித்து, மருந்தை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார் ஒய்லர். பதில் வர வாரங்கள் ஆகும். குப்பியில் ஒரு சிட்டிகை மட்டும் இருந்தது. வெர்னா அதை வெள்ளைத் தாளில் தட்டினாள். தாள் என்றால், கையெழுத்துக் கேட்ட அதே தாள்தான். கரும்பொடி. மணல்போல நைசானது. இடையிடையே ஓரிரண்டு வெள்ளைத் துகள்கள்.

"இது என்னோடது இல்ல. டெபுடிகிட்டயும் சொன்னேன். இன்னொரு டப்பா ஒளிச்சு வெச்சிருப்பேன்னு நினைக்கறான்."

ஹால்வர் தாளை மடித்துப் பொடியைக் குப்பிக்குள் திருப்பினார். பிறகு அன்று மனிதர்களிடம் பேசிய முதல் வார்த்தையைப் பேசினார்.

"டெல்பர்ட்."

"ஊரே மானைத் தேடிப் போயிருக்கு" என்று ரோமி வண்டிச் சாவியை எடுத்தாள். "நாம ஒரு சிட்டிகைப் பொடிக்குச் சொந்தக்காரனைத் தேடிப் போறோம்."

*

டெல்பர்ட்டின் துப்பாக்கிக் கடையில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. டெல்பர்ட் குப்பியைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பேர் இல்லாத மருந்தை நான் தொடறதில்ல. கண்ணால பாத்து மருந்துக்குப் பேர் வெச்சவன் எல்லாம் இப்ப இடது கையால சாப்பிடறான். கொண்டுபோய் என் பொண்டாட்டியோட ரோஜாச் செடிக்குப் போடு."

"செடி வெடிச்சுடாதா?" என்றாள் ரோமி.

"நல்லாப் பூக்கும். உரம் அது."

ஹால்வர் குப்பியைக் கண்ணாடி மேஜையின் மேல் வைத்தார். எதுவும் சொல்லவில்லை. கணப்பில் ஒரு கட்டை சரிந்தது. டெல்பர்ட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் குப்பியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"வெள்ளைத் துகள் இருக்கே" என்றார், குரல் மாறி. "அடேயப்பா. இது கில்டீர். அந்தக் கம்பெனி மட்டும்தான் அடையாளத்துக்கு வெள்ளை கலப்பான். கம்பெனியை மூடி எத்தனையோ காலம் ஆச்சு. இது இன்னும் ஊருக்குள்ள இருக்கா?"

"யார்கிட்ட இருக்கும்?" என்றாள் ரோமி.

"தப்பான கேள்வி கேக்கற, பொண்ணே. மருந்தைத் தேடி வீடு வீடாப் போனா வசந்தம் வந்துடும். எவன் ஷெட்டுலயும் எது வேணும்னாலும் இருக்கும். இந்த மருந்து எந்தத் தோட்டாவுக்குப் பொருந்தும்னு கேளு. தோட்டா தெரிஞ்சா துப்பாக்கி தெரியும். துப்பாக்கி தெரிஞ்சா ஆள் தெரியும்."

"சரி, மாப்பிள்ளை இவரு. பொண்ணு யாரு?"

டெல்பர்ட்டுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அலமாரியிலிருந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் நிறுத்தினார். முதலில் கரடி நாட்டு ஆட்கள் இடுப்பில் சுமக்கும் பெரிய மேக்னம் தோட்டா.

"இதுவா? சேராது. இதுக்கு மெதுவா எரியற மருந்து வேணும். கில்டீர் அவசரக்காரன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எரிஞ்சு முடிஞ்சுடுவான்."

அதைத் தள்ளி வைத்தார். அடுத்தது நாற்பத்தைந்து, குண்டின் தடிமனை வைத்து வந்த பெயர்.

"இவ்வளவு பெரிய கூட்டுல இவ்வளவு நைஸான மருந்து அடியில எங்கயோ கிடக்கும். ஒரு குண்டு மேல போகும், ஒரு குண்டு கீழ போகும். எவனும் இதைப் போட்டுப் போட்டிக்கு வர மாட்டான்."

"முப்பத்தெட்டு? வேட்டோடது முப்பத்தெட்டுதானே?"

டெல்பர்ட் தலையை அசைத்தார். "ரொம்பக் கொஞ்சமாப் போட்டா ஓடும். கொஞ்சம் கூடினாலும் கையை வாங்கிடும். தெரிஞ்சு இதுக்காக எவனும் எடுக்க மாட்டான்." கடைசியாக ஒரு சிறிய ஒல்லித் தோட்டாவை எடுத்து, மேஜையின் நடுவில் நிறுத்தினார். "பொண்ணு இவதான். முப்பத்திரண்டு. சின்னக் கூடு, லேசான குண்டு, கைக்கு அதிர்ச்சியே தெரியாது. கில்டீரே இவளுக்காகத்தான் செஞ்சான்னு எங்கப்பா சொல்வார்."

"வில்லோ கேப்ல யார்கிட்ட முப்பத்திரண்டு இருக்கு?"

"இங்கயா?" டெல்பர்ட் சிரித்தார். "கரடி பாத்துச் சிரிச்சுடக் கூடாதுன்னு துப்பாக்கி வாங்கற ஊரு இது. ஒருத்தன்கிட்டயும் கிடையாது. ஒரே இடம்தான், கிளப்ல இருக்கற சின்ன ரிவால்வருங்க. புதுசா வர்ற பொம்பளைங்க கை வலிக்கக் கூடாதுன்னு..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது.

"வெர்னாவோட வகுப்புல" என்றார் மெதுவாக.

*

வண்டி ஊரைத் தாண்டியது. சாலையின் இருபுறமும் அறுத்த கோதுமைத் தாள்கள் பனிக்குள்ளிருந்து குத்திட்டு நின்றன.

"பாஸ்" என்றாள் ரோமி கடைசியில். "நாம பிடிச்ச வால் நம்ம கட்சிக்காரி வீட்டுக்குள்ளயே போகுதே."

ஹால்வர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நம்பிய ஒருவரைச் சந்தேகிப்பதற்கு முன்னால் அவர் எப்போதும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வார். அந்த நேரம் அந்த மனிதருக்கு அவர் செய்யும் மரியாதை.

"திரும்பு" என்றார்.

வெர்னா அவர்கள் சொன்னதைக் கேட்டு முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள். முடித்ததும் முகம் சிவந்தது.

"ஆமா. வகுப்புல முப்பத்திரண்டுதான். ஆனா அந்தத் தோட்டாவுல ஒண்ணுகூட என் கையால செஞ்சது இல்ல. செய்ய விடல. லைல் பிரெக்கே ஒரு விதி போட்டான். வீட்டுல ஒரு பொம்பள நிரப்பற தோட்டாவை கிளப் வகுப்புல அனுமதிக்க முடியாதாம். இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டானாம். கிளப்போட பின்னறையில அவனே உக்காந்து நிரப்பித் தருவான். சாவியும் அவன்கிட்டதான். எங்கிருந்தோ ஒரு பழைய பீப்பாய் மருந்தை ஏலத்துல எடுத்துட்டு வந்தான். பேர்கூட எனக்குத் தெரியாது. கதவுக்கு உள்ள போனாதானே தெரியும்?"

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"என் மாணவிங்க முன்னாடி அவன் தோட்டாவை வாங்கிக்கறதே எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா? அதை எதுக்கு வெளிய சொல்லணும்? அதோட, வெடிச்சது முப்பத்தெட்டு. இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

ஹால்வர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அவர் முப்பத்தெட்டும் நிரப்புவாரா?"

"விருந்தாளிங்களுக்கு இரவல் கொடுக்க ஒரு பெட்டி. போட்டி நடக்கறப்ப பெஞ்சுல கிடக்கும். என்னோட பெட்டி மாதிரியே நீலப் பெட்டி. டெல்பர்ட் கடையில வேற நிறமே கிடையாது. அதுக்கு அவனும் மெடோலார்க்தான் போடுவான். என்னைப் பாத்து ஆரம்பிச்சதுதான்."

"வேலை முடிஞ்சதும் குடுவையைக் காலி பண்ணுவாரா?"

வெர்னா வாய் திறந்தாள். மூடினாள். காப்பிக் கோப்பையை மெல்ல மேஜையில் வைத்தாள்.

"மாட்டான்" என்றாள். "சோம்பேறி. மீதியை அதுலயே விட்டுட்டுப் போவான். குடுவைக்குள்ள நைஸா இருக்கு, டப்பாவுல செதிலா இருக்குன்னு குனிஞ்சு பாக்கணும். பாக்கலன்னா..."

"எனக்குப் புரியற மாதிரி" என்றாள் ரோமி.

"குடுவைக்கு எடை தெரியாது, பொண்ணே. இடம்தான் தெரியும். மெடோலார்க் பஞ்சு மாதிரி, அதனால குடுவையோட அளவு வாயை நல்லாத் திறந்து வைப்போம். அதே திறப்புல கில்டீர் இறங்கினா? பஞ்சு அளந்த படியால ஈயத்தை அளந்த மாதிரி." அவள் குரல் இறங்கியது. "அப்ப அந்தப் பெட்டியில ஒண்ணு மட்டும் இல்ல. மிச்சம் இருக்கறது..."

"எல்லாமே" என்றார் ஹால்வர்.

நாய் எழுந்து கதவுப் பக்கம் போய்ப் படுத்தது.

"ஆனா அதுங்க அடியில சிவப்பு இருக்கே" என்றாள் ரோமி. "லைலோட நிறம் என்ன?"

"கிளப் தோட்டாவுக்கு நிறம் கிடையாது. என் நகப்பூச்சுப் பாட்டில் எப்பவும் மைதானத்துப் பெஞ்சுலதான் இருக்கும். எவன் வேணும்னாலும் எடுக்கலாம்."

"ஆம்புலன்ஸ் போனதுக்கும் டெபுடி வந்ததுக்கும் நடுவுல?"

"நாங்க எல்லாரும் வேட் கூட ரோட்டு வரைக்கும் ஓடினோம். லைல் ஓடல."

"பின்னறையை இந்நேரம் பெருக்கித் துடைச்சிருப்பான்" என்றாள் ரோமி. "பீப்பாய் எந்த ஆத்துல கிடக்கோ. கையில ஒண்ணும் இல்லையே, பாஸ்."

"அவன் மனசுல இருக்கு" என்றார் ஹால்வர். "அந்தத் தோட்டாக்கள் என்ன செய்யும்னு இந்த ஊர்ல அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்." பிறகு வெர்னாவிடம் திரும்பினார். "மருந்தே இல்லாத தோட்டா கொஞ்சம் செய்ய முடியுமா? சுட்ட பழைய ப்ரைமரோடவே இருக்கட்டும். ஒரு நீலப் பெட்டியும் வேணும்."

வெர்னாவின் உதட்டோரம் முதன்முறையாக அசைந்தது. வேலையைத் தொடங்கினாள். அவள் ஒவ்வொன்றாகச் செய்து தள்ள, ரோமி எதிரில் உட்கார்ந்து அடியில் சிவப்பு வைத்துக்கொண்டே வந்தாள்.

"துப்பறியற வேலைன்னு சேர்ந்தேன். அழகு நிலையத்துல உக்கார வெச்சுட்டீங்க" என்றவள், சட்டென்று நிறுத்தினாள். ஒரு தோட்டாவை வெளிச்சத்தில் பிடித்தாள். "பாஸ். அந்தப் படத்தைக் கொஞ்சம் எடுங்க."

எடுத்தார். அவள் தோட்டாவைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அட!" என்றாள்.

ஹால்வர் லிண்ட் சிரித்தார். ரோமி அவரிடம் சேர்ந்த பிறகு இது இரண்டாவதோ மூன்றாவதோ. அவர் காலையிலேயே பார்த்துவிட்டார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

*

கிளப் வீட்டில் மிளகாய் போட்ட பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் மணத்தன. எந்தக் கூட்டமானாலும், யாரைத் தூக்கில் போடுவதானாலும், வில்லோ கேப்பில் முதலில் இந்த இரண்டும் பரிமாறியாக வேண்டும். ஆட்கள் வேட்டை உடுப்பிலேயே வந்திருந்தார்கள். டெபுடி ஒய்லர் கதவோரம் தட்டோடு நின்றார். வெர்னா வந்ததும் பேச்சு அடங்கியது. அவள் மாணவிகளில் இருவர் சுவரோரம் தலைகுனிந்து நின்றார்கள்.

லைல் பிரெக்கே மேஜையின் தலைப்பக்கத்தில் எழுந்து நின்றார். மெலிந்த மனிதர். சுருக்கமில்லாத சட்டை.

"வெர்னா, உன்மேல யாருக்கும் கோபம் இல்ல. யாருக்கும் தவறு நடக்கும். கையெழுத்துப் போட்டுட்டு வந்து சாப்பிடு."

"பசி இல்ல."

"வேட் ஆஸ்பத்திரியில கிடக்கான். கொஞ்சமாவது மனசாட்சி..."

"வேட் பேரைச் சொல்லாத" என்றாள் வெர்னா. அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் ஒருவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

ஹால்வர் நீலப் பெட்டியை மேஜையின் நடுவில் வைத்து மூடியைத் திறந்தார். வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். லைலின் கண் பெட்டியைப் பார்த்தது, டெபுடியைப் பார்த்தது, மறுபடி பெட்டிக்கு வந்தது. அது எந்தப் பெட்டி என்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"ஒரே ஒரு சந்தேகம், மிஸ்டர் பிரெக்கே" என்றார் ஹால்வர். "வெர்னா ஒரு தோட்டாவுல ரெண்டு தடவை மருந்து கொட்டிட்டாங்க. அதுதானே?"

"ஆமா. ஒண்ணுல."

"அப்ப மத்ததெல்லாம் நல்ல தோட்டா."

லைல் தயங்கினார். "இருக்கலாம்."

"அப்படின்னா நீங்க ஒண்ணு சுட்டுக் காட்டலாமே."

சலசலப்பு எழுந்தது. லைலின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. விதி அவர் பக்கம் இருந்தது.

"மத்தவங்க நிரப்பினதை எவனும் சுட மாட்டான். இங்க இருக்கற யாரை வேணும்னாலும் கேளுங்க."

"நியாயம்தான்" என்றாள் வெர்னா. பெட்டிக்குள் கையை விட்டு ஆறு தோட்டாக்களை அள்ளினாள். "ஆனா இது என்னோடதுன்னு நீயே எழுதி வெச்சிருக்க. என்னோடதை நான் சுடலாம் இல்ல?"

யாரும் தடுக்குமுன் அவள் பக்கக் கதவைத் திறந்துகொண்டு மைதானத்துக்கு இறங்கிவிட்டாள். கூட்டம் பின்னாலேயே வந்தது. குளிர் முகத்தில் அறைந்தது. தூரத்தில் மண்மேட்டுக்கு முன்னால் வட்டமான இரும்புத் தட்டுகள் வரிசையாக நின்றன. வெர்னா கண்ணாடியையும் காதுக்கவசத்தையும் மாட்டிக்கொண்டாள். ரிவால்வரைத் திறந்து ஒவ்வொன்றாக உள்ளே போட்டாள். ஒவ்வொன்றும் உட்காரும் சத்தம் கேட்டது. மூடினாள். இரண்டு கைகளாலும் தூக்கினாள்.

"வெர்னா, இதெல்லாம் தேவையில்ல" என்றார் லைல்.

அவள் திரும்பவில்லை. ரிவால்வரின் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தாள்.

"வெர்னா!"

விரல் விசைக்கு வந்தது.

"வேணாம்! கீழ போடு! எல்லாமே அப்படித்தான் இருக்கு! கை போயிடும்!"

லைல் பாய்ந்து அவள் முன்கையைப் பிடித்துத் தரையை நோக்கி அழுத்தியிருந்தார். மூச்சு வாங்கியது. பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது போலிருந்தது. கையை எடுத்தார்.

ஹால்வர் பேசவில்லை. மற்றவர்களும் பேசவில்லை. மண்மேட்டின் மேலிருந்து ஒரு காகம் எழுந்து போயிற்று. அந்த மௌனத்தை ஹால்வர் தன் வாழ்நாளில் பலமுறை கண்டிருக்கிறார். வழக்கமாக அதில் அவருக்கு ஒரு திருப்தி இருக்கும். இன்று இல்லை. எதிரில் நின்றவன் ஒரு பெண்ணின் பேரை ஒரு வாரமாக அழித்தவன். அதே பெண்ணின் கையைக் காப்பாற்றத் தன்னையே அழித்துக்கொண்டவனும் அவன்தான். இரண்டையும் எந்தத் தராசில் வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"எல்லாமேன்னா?" என்றார் டெபுடி ஒய்லர், தட்டை ஒரு வேலிக்கம்பத்தின் மேல் வைத்தபடி.

"நான்... சும்மா ஒரு பயத்துல..."

"நான் சொல்லட்டுமா?" என்று ரோமி முன்னால் வந்தாள். படத்தை ஒய்லரிடம் கொடுத்தாள். "காஞ்ச நகப்பூச்சு மேல ஊசி குத்தினா என்ன ஆகும்? நொறுங்கும். எந்தப் பொண்ணைக் கேட்டாலும் சொல்லுவா. குழிக்குள்ள பித்தளை தெரியணும், சுத்தி விரிசல் இருக்கணும். இதுல பாருங்க, குழியோட அடிவரைக்கும் வழவழன்னு இருக்கு. குத்தினதுக்கு அப்புறம் பூசினது. வெடிச்ச தோட்டாவுக்கு, வெடிச்ச பிறகு ஒருத்தர் அலங்காரம் பண்ணியிருக்காரு. வேட் அப்ப ஆம்புலன்ஸ்ல இருந்தாரு. வெர்னா அவரோட ரோட்டுக்கு ஓடிட்டாங்க. துப்பாக்கிக்குப் பக்கத்துல இருந்தது யாரு?"

படம் கை மாறி மாறிப் போயிற்று. தாடிக்காரர்கள் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு லைலைப் பார்த்தார்கள்.

"கிளப்பை மூடிடுவாங்க" என்றார் லைல் யாரிடமும் இல்லாமல். "கிளப் தோட்டாவுல விபத்துன்னா இன்சூரன்ஸ் போயிடும். இந்த நிலம் எங்கப்பா கொடுத்தது. குடுவையில பழசு இருந்ததை நான் கவனிக்கல. அவ்வளவுதான். ஒரு தடவை கவனிக்கல."

"அதைச் சொல்லியிருந்தா நான் உன் பக்கத்துல நின்னிருப்பேன்" என்றாள் வெர்னா.

அவள் ரிவால்வரை மீண்டும் மண்மேட்டை நோக்கித் தூக்கி விசையை அழுத்தினாள். டிக். மறுபடி அழுத்தினாள். டிக். லைல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கண்களை மூடிக்கொண்டார். ஒய்லர் அவர் தோளைத் தொட்டு வண்டிப் பக்கம் திருப்பினார். போகிற வழியில் தட்டை எடுத்துக்கொள்ளவும் மறக்கவில்லை.

ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "வெர்னா, சாவி உன்கிட்டயே இருக்கட்டும். அந்தத் தாளைக் கிழிச்சுடறோம். எங்க சார்பா ஒரு..."

"கிழிக்க வேணாம்" என்றாள். "கையெழுத்துப் போட்டுட்டு வந்து சாப்பிடச் சொன்னீங்க. போட்டுட்டே போறேன்."

வெற்றுத் தோட்டாக்களைக் கொட்டினாள். சட்டைப் பையிலிருந்து தன் தோட்டாக்களை எடுத்தாள். சுவரோரம் நின்ற மாணவிகள் இருவரும் இப்போது வேலி வரைக்கும் வந்து, தாமாகவே காதுகளைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

ஆறு முறை சுட்டாள். ஆறு தட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக மணிபோல அடித்து விழுந்தன.

"இந்தாங்க" என்றாள். "என் கையெழுத்து."